சங்கு ஊதியபோது விழுந்தவர்கள்

1942 கோடை. ஜப்பான்காரன் குண்டுவீச்சுக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காகச் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக்கியிருந்தார்கள். அதன் வாசலில் அம்மாவும் நானும் நின்றிருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவுக்கு மலேரியா, குளிர் வந்தால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்குவாள். அவளைப் படுக்கவைக்க ஓர் இடமும், பார்க்க ஒரு டாக்டரும் வேண்டும். இரண்டும் வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

உள்ளே போக அகதி கார்டு வேண்டும். எல்லையிலேயே பெயர் பதிந்தவர்களுக்கு அதைக் கொடுத்திருந்தார்கள். அந்த வரிசையில் நின்றால் அம்மா தாங்கமாட்டாள் என்று நான்தான் கிடைத்த ரயிலில் அவளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு என்றாலும் அதையேதான் செய்வேன்.

வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தா மயிலாப்பூர்க்காரர். கெட்டவர் இல்லை, சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்.

"அகதின்னு நாங்க ஒத்துண்டவா வேற, அகதின்னு தானா சொல்லிண்டு வரவா வேறம்மா. கார்டு இருக்கறவா யாராவது உனக்குச் சாட்சி சொல்லட்டும், எழுதிக்கறேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க எழுதினாத்தான் நாங்க பர்மாவிலேருந்து நடந்து வந்தது நடந்ததாகுமா?" என்று கேட்டேன். அவர் பேரேட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

தண்ணீர் பிடிக்க முகாமிலிருந்து வெளியே வந்த ஒரு முஸ்லிம் அம்மாளை மறித்தேன். ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பமாம். எங்களையும் ரங்கூனில் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினேன்.

"பார்க்காதவங்களப் பார்த்தேன்னு எப்படிம்மா சொல்லுவேன்?" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு நகர்ந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அப்போது சங்கு ஊதியது. விமானங்கள் வந்தால் ஊதுகிற அபாயச் சங்கு.

தெருவில் போனவர்களெல்லாம் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ரங்கூனில் முதல் குண்டு விழுந்த காலையில் என் அப்பாவும் இப்படித்தான் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார். அவர் வீடு திரும்பவில்லை. நான் யோசிக்கவே இல்லை. அம்மாவை அணைத்துக்கொண்டு சாலையோரப் பள்ளத்தில் விழுந்தேன். போகிற போக்கில் குமாஸ்தாவின் கையையும் பிடித்து இழுத்திருக்கிறேன் போலிருக்கிறது. மனுஷர் தொப்பென்று பக்கத்தில் வந்து விழுந்தார். அம்மா முந்தானையைப் பல்லுக்கிடையில் கடித்து, காதைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தாள். குண்டு அதிரும்போது பல் உடையாமலிருக்க ரங்கூனில் நாங்கள் பழகிக்கொண்டது அது.

சங்கு ஓய்ந்தது. ஒன்றும் விழவில்லை. ஒரு ரிக்‌ஷாக்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, சும்மாங்காட்டியும் ஊதிப் பாக்கறாங்கோ. அதுக்குப் போயி பள்ளத்துல வுழுந்துகினு கீறீங்களே!"

எழுந்திருக்கும்போதுதான் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி அதே பள்ளத்தில் இன்னொருத்தி குப்புறக் கிடந்தாள். தெருவில் குடம் உருண்டு கிடந்தது. அந்த முஸ்லிம் அம்மாள்தான். அவள் வாயிலும் முந்தானை.

அவள் என் அம்மாவின் வாயிலிருந்த முந்தானையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, மேலிருந்த புழுதியைக்கூடத் தட்டாமல் குமாஸ்தாவிடம் போனாள்.

"இவங்கள நான் ரங்கூன்ல பார்த்ததில்லைங்க. ஆனா குண்டு விழுந்தப்ப இவங்க அங்கதான் இருந்தாங்க. எங்க வந்து சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன்."

குமாஸ்தா புழுதி படிந்த தன் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போதும்மா, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? உள்ள வாங்கோ" என்றவர், அம்மாவின் இன்னொரு கையைத் தானே தாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் டாக்டர் மருந்து கொடுத்துவிட்டுப் போனபின் அம்மா பாயில் படுத்துத் தூங்கினாள். வழியெல்லாம் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அந்த அம்மாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அகதி வேறு, அடைக்கலம் கேட்டுவிட்டுச் சட்டத்தின் பதிலுக்குக் காத்திருப்பவர் வேறு என்று இப்போது செய்தித்தாளில் படிக்கிறேன். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தேவைதான். விசாரிக்காமல் எப்படி ஏற்றுக்கொள்வது? ஆனால் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். கார்டு கையில் வந்ததால் அம்மா அகதியாகிவிடவில்லை. அந்த வாசலுக்கு வெளியே, யாரும் நம்பாமல், என் தோளைப் பிடித்து நடுங்கிக்கொண்டு நின்றபோதே அவள் அகதிதான்.