நார்த்தங்காய்ச் சாறும் அசிஸ்டன்ட் குக் வேலையும்

1. தட்டைத் தள்ளிய நாள்

மே மாதம். மதியச் சாப்பாட்டில் வைத்த வெள்ளரிக்காய் சாலட்டை ஒரு வாய் வைத்ததும் அந்த ஜெர்மன் இன்ஜினீயர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். கூட இருந்த மூன்று பேரும் பின்னாலேயே எழுந்தார்கள்.

சாலட்டில் குற்றமில்லை. வெட்டியது நான். அதன்மேல் ஊற்றியது மெட்ராஸிலிருந்து பாட்டிலில் வந்த வெள்ளைக் கிரீம். நெய்வேலி வெயிலில் லாரியில் ஒரு பகல் கிடந்து வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். யாரும் வைக்கவில்லை.

இனிமையான நினைவுகளாக எழுதித் தாருங்கள், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இனிமையாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

இது நடந்த இடம், சுரங்கத்துக்கு மெஷின் பொருத்திப் பராமரிக்க வந்த ஒரு தனியார் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸ். பெயர் வேண்டாம். எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை, அதனால் குவார்ட்டர்ஸ் இருந்தது. எனக்குக் கெஸ்ட் ஹவுஸில் காண்ட்ராக்ட் வேலை, காய் வெட்டுவது. சமைக்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள். டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் எந்தக் கதவைத் தட்டினாலும் அடுப்படியில் நிற்பது பெண்தான். கெஸ்ட் ஹவுஸில் மட்டும் கரண்டி பிடிக்க மீசை வேண்டும்.

ஹெட் குக் மாணிக்கம் அண்ணன் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். சூப்பர்வைசர் சபாபதிக்குக் கரண்டி பிடிக்கவே தெரியாது. அன்றைக்கு அவர் சமையலறையில் வந்து கத்தினார். வந்தவர்களுக்கு மசாலா ஒத்துக்கொள்ளவில்லை, பச்சைக் காயும் ரொட்டியும்தான் சாப்பிடுகிறார்கள், அதையும் கெடுத்தால் கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்றார்.

வீட்டில் நான் ஒரு சாறு செய்து வெள்ளரிக்காய்மேல் ஊற்றுவேன், அன்றன்றைக்குச் செய்வதால் கெட்டுப் போகாது என்று சொன்னேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ காய வெட்டு."

2. செய்முறை

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டில் செய்து ஒரு சின்னப் பீங்கான் ஜாடியில் கொண்டுபோனேன். செய்முறையை எழுதிவிடுகிறேன். அப்போது எல்லாரும் இதை எளிது என்றார்கள். எளிது என்றவர்கள் கெடுத்த கதை பின்னால் வருகிறது.

எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் நார்த்தை மரம் ஒன்று இருந்தது. பச்சை மாறி மஞ்சள் தட்டத் தொடங்கிய காயாக ஒன்று. எலுமிச்சை இரண்டு. சாத்துக்குடி ஒன்று, அது புளிப்பை அடக்குவதற்கு. நார்த்தங்காயைக் குறுக்கே அரிந்து கையால் லேசாகப் பிழிய வேண்டும். வருவது வரட்டும். வீணாகிறதே என்று தோலை மடக்கி ஒட்டப் பிழிந்தால் தோலின் கசப்பு முழுவதும் இறங்கிவிடும். கொட்டையை அப்போதே எடுத்துவிட வேண்டும்.

பக்கத்து ஊரான வடக்குத்தில் முந்திரி உடைக்கிற வீட்டில் வாங்கிய உடைசல் முந்திரி ஒரு கைப்பிடி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வேண்டும். அதை ஒரு துண்டு இஞ்சியோடு அம்மியில் வெண்ணெயாக அரைக்க வேண்டும். கடலை எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்தால் பச்சை வாடை போய்விடும். அரைத்த விழுதில் அந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரே பக்கமாகக் கலக்க வேண்டும். பிறகு சாறு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் திரிந்துபோகும். கடைசியில் உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை வெல்லம்.

பீங்கான் அல்லது கண்ணாடி. வேறு பாத்திரம் கூடாது. காலையில் செய்தால் மதியம் தீர்ந்துவிட வேண்டும்.

மாணிக்கம் அண்ணன் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு முறை தொட்டார். பிறகு ஜாடியை அவரே மேஜைக்கு அனுப்பினார். திரும்பி வந்த ஜாடியை ரொட்டியால் துடைத்திருந்தார்கள்.

யார் செய்தது என்று இன்ஜினீயர் கேட்டிருக்கிறார். "எங்க கிச்சன்" என்று சபாபதி பதில் சொன்னாராம். அதற்கப்புறம் தினமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மூன்று வாரம் தினமும் கொண்டுபோனேன். என் வீட்டு மரம், என் அம்மி, என் காலை நேரம். வேலை நேரத்துக்கு முன்னால் செய்வதால் அது வேலையே இல்லை என்று அவருக்கு ஒரு கணக்கு.

3. மெமோ

அசிஸ்டன்ட் குக் வேலைக்கு ஒரு ஆள் எடுக்கப் போவதாகவும் சமைத்துக் காட்டும் டிரேட் டெஸ்ட் நடக்கும் என்றும் நோட்டீஸ் போட்டார்கள். பர்மனென்ட் வேலை. நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். காண்ட்ராக்டில் இருப்பவளை எந்த நாளும் வரவேண்டாம் என்று சொல்லலாம். பயமில்லாமல் வேலைக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை. இதில் என்ன தப்பு?

சபாபதி அதை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டிச் சிரித்தார்.

"காய் வெட்றவங்களுக்கெல்லாம் டிரேட் டெஸ்ட்டு வெச்சா, நாளைக்குக் கூட்றவங்க மேனேஜர் வேலைக்கு மனு போடுவாங்க. ஏம்மா மேரி, வூட்ல ஒலை வைக்கிற ஆள் இல்லாம போயிடப் போவுது."

"நான் வேலைக்கு வந்துகினுதான சார் இருக்கேன். வூட்ல யாரும் பட்டினி கெடக்கல" என்றேன்.

இரண்டு நாளில் மெமோ வந்தது. வெளியிலிருந்து உணவுப் பொருளை அனுமதியின்றி சமையலறைக்குள் கொண்டுவந்த குற்றம். மூன்று வாரம் அவரே கேட்டு வாங்கிய ஜாடிதான் அந்த வெளி உணவுப் பொருள். என் விண்ணப்பத்தில் 'மெமோ நிலுவையில் உள்ளது' என்று எழுதி ஒதுக்கிவிட்டார். கேட்டில் வாட்ச்மேனுக்கும் ஒரு நகல் போயிற்று. மேரி எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

அந்த வேலைக்கு அவருடைய மச்சினன் துரை மனு போட்டிருந்தான் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாணிக்கம் அண்ணன் மூலமாக என் செய்முறையைக் கேட்டு எழுதியும் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார். நானும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

4. பித்தளைக் குண்டான்

மெஷின் ஓடத் தொடங்கியதற்கு ஒரு பெரிய விருந்து. முப்பது பேருக்குமேல். மெட்ராஸிலிருந்து கம்பெனியின் மேனேஜர் வந்திருந்தார். நம்முடைய பாரம்பரியத்தைக் காட்டுகிறேன் என்று சபாபதி பித்தளைப் பாத்திரங்களை இறக்கினார். இரண்டு நாளாகப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்கச் சொன்னார். வெளியே மட்டும் போதும், உள்ளே தேய்த்தால் ஈயப்பூச்சு போய்விடும் என்று சொன்னேன். உள்ளேயும் பளபளவென்று இருக்கவேண்டும் என்றார். தேய்த்தோம். ஈயம் போயிற்று.

சபாபதி சமையலுக்கு உதவியாகச் சேர்த்திருந்த துரை முதல் நாளே எலுமிச்சையையும் நார்த்தங்காயையும் சக்கையாக ஒட்டப் பிழிந்து, சாறு செய்து, அந்தப் பித்தளைக் குண்டானிலேயே ஊற்றி மூடி வைத்திருந்தான். மேஜையில் இதுவும் பித்தளையில் இருந்தால் எடுப்பாக இருக்குமாம்.

விருந்து அன்று பதினொரு மணிக்கு நான் மூடியைத் திறந்தேன். ஓரமெல்லாம் பச்சை. களிம்பு. தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்புக்குப் பின்னால் செப்புக்காசை வாயில் போட்ட மாதிரி ஒரு ருசி. இது உள்ளே போனால் முப்பது பேரும் வாந்தி எடுப்பார்கள்.

துரையிடம் சொன்னேன். மல்லித்தழை நிறம் என்றான். சபாபதியிடம் சொன்னேன். பொறாமை என்றார். பரிமாறுகிறவன் குண்டானைத் தூக்க வந்தான். நான் அவன் கையிலிருந்து பிடுங்கி வாய்க்காலில் கவிழ்த்துவிட்டேன்.

சபாபதி போட்ட சத்தத்தில் மேனேஜரே சமையலறைக்கு வந்துவிட்டார்.

"இந்தப் பொம்பள வேணும்னே கொட்டிட்டா சார். இன்னையோட வரவேணாம்னு சொல்லிட்டேன்."

நான் குண்டானை அவர் முன்னால் சாய்த்துக் காட்டினேன். உள்ளே பச்சைக் கோடு வளையமாக இருந்தது.

"இத நீங்க சாப்பிடுவீங்களா சார்? சாப்பிடுவீங்கன்னா நான் இப்பவே போறேன்."

அவர் குனிந்து பார்த்தார். மாணிக்கம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அந்தம்மா சொல்றது நெசம் சார். மூணு வாரமா அவங்கதான் வூட்லேந்து செஞ்சி எடுத்தாந்தாங்க. எங்க யாருக்கும் வராது."

வேறு செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று மேனேஜர் கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். எலுமிச்சை இருந்தது, முந்திரி இருந்தது. நார்த்தங்காய் முழுவதையும் துரை பிழிந்து தீர்த்திருந்தான். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடினார். செகண்ட் ஷிஃப்டுக்காக வீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் மரத்தை உலுக்கிப் பை நிறையக் கொடுத்து அனுப்பினார்.

கேட்டில் வாட்ச்மேன் பையைப் பிடித்துக்கொண்டான். மேரி வீட்டுப் பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது என்று மெமோ. எடுத்தும் காட்டினான். அவன்மேல் தப்பில்லை. மேனேஜரே வெயிலில் கேட் வரைக்கும் நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டு ஆறு நார்த்தங்காயை உள்ளே கொண்டுவந்தார். மெமோவையும் அங்கேயே படித்துவிட்டார்.

கெஸ்ட் ஹவுஸ் அம்மியில் உட்கார்ந்து அரைத்தேன். மணி ஒன்றுக்குக் கண்ணாடிக் கிண்ணங்களில் சாறு மேஜைக்குப் போயிற்று. எல்லாரும் சாப்பிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

5. கிரேடு

மேனேஜர் மெமோவை ரத்து செய்தார். என் பெயரை டெஸ்டில் சேர்த்தார். ஐம்பது பேருக்குச் சாம்பார், கோழிக் குழம்பு, கேரமல் புட்டிங், எல்லாம் செய்தேன். துரை புட்டிங்கைக் கருக்கினான். நான் பாஸ்.

ஆர்டர் வந்தது. பர்மனென்ட் என்று இருந்தது. பதவி: கிச்சன் ஹெல்பர்.

மெட்ராஸ் மேனேஜர் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆபீஸில் கேட்டேன். அசிஸ்டன்ட் குக் என்றால் மூன்று ஷிஃப்டும் பார்க்க வேண்டும், பெண்களுக்கு நைட் ஷிஃப்ட் கொடுக்க முடியாது என்றார் அங்கிருந்த ஆபீசர்.

"நைட் ஷிஃப்ட்ல சாலட் யாரு சார் துன்றா?" என்று கேட்டேன். பக்கத்து டேபிளில் டைப் அடிப்பவர் சிரித்தார். ஆர்டர் மாறவில்லை.

அடுத்த வருஷம் துரை அசிஸ்டன்ட் குக் ஆனான். மாணிக்கம் அண்ணன் ஓய்வு பெற்றதும் அவன்தான் ஹெட் குக். அவனுக்குக் கீழே நான் ஹெல்பர். இருபத்தாறு வருஷம் சமைத்தேன். வேலை குக் வேலை, பேர் ஹெல்பர். பயமில்லாமல் வேலைக்குப் போக ஆசைப்பட்டேன், அது கிடைத்தது. கோபமில்லாமல் ஒரு நாளும் போகவில்லை.

கடைசி நாளில் மாலை போட்டார்கள். மேரியம்மாவின் கைப்பக்குவம் யாருக்கும் வராது, அது ஆண்டவன் கொடுத்தது என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். துரையும் பேசினான். என் முறை வந்தபோது எழுந்து, ஒட்டப் பிழியாதே, பித்தளையில் ஊற்றாதே, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடு, இதை ஆண்டவன் கொடுக்கவில்லை, நான் கற்றுக்கொண்டேன், இது தொழில் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் கொஞ்சம்தான்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். வேலைக்கு வேண்டியதை வீட்டில் செய்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவர்கள் கண்ணெதிரே செய்யுங்கள். யாராவது உங்கள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டு முடித்ததும், ஆர்டரில் என்ன கிரேடு போட்டிருக்கிறீர்கள் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.