கடுப்பு

டாக்டரைக் கேலி செய்வதாகிவிடுமோ என்று பல வருஷம் தயங்கினேன். இப்போது பெருமாள் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ஓர் அம்மா. நாற்று நட்டு வளைந்த முதுகு. யார் வந்தாலும் நகர்ந்து இடம் விடுவார்.

"காலெல்லாம் கடுப்பு நைனா" என்றார்.

தெலுங்கில் கிட்டத்தட்ட அந்தச் சத்தத்துக்கு வயிறு என்று அர்த்தம். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த இளம் டாக்டர் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். நான் இருவருக்கும் எடுத்துச் சொன்னதும் டாக்டர் வெட்கத்தோடு சிரித்தார்.

"உடு நைனா, சரியான எடத்ததான் அமுக்குன. கால் நோவுன்னா கூலி இல்ல. கூலி இல்லன்னா சோறு ஏது? நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னல."

பையிலிருந்த பிரசாத லட்டைக் கொடுத்தேன். பாதியைப் பிட்டு டாக்டரிடம் நீட்டினார்.

"நீயும் துன்னு. உன் கடுப்பும் காலியாத்தான் கீதுபோல."

அந்த அம்மா இன்று எப்படி இருக்கிறாரோ. இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், கடுப்பைக் கடுப்பு என்றே சொல்லுங்கள்; திருத்திவிடாதீர்கள்.