ஃபுஜைரா ராஜாவின் காலடியில் ரெட்டைச் சடை

போன ஞாயிற்றுக்கிழமை ஃபுஜைரா போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல. துபாய் அல் கூஸ் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த குமரேசன் போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டான். சிலை செய்கிறவன். அவன் கடைசியாகச் செய்த பெரிய வேலை ஃபுஜைரா ஹோட்டல் வாசலில் நிற்கிறது. அவன் மனைவி செல்வி ஊரிலிருந்து போன் செய்தாள். "எங்களை விட்டுட்டு எதைக் கட்டிக்கிட்டு அழுதாருன்னு ஒரு தடவை காட்டுங்கண்ணே."

அவள் கோபம் நியாயம்தான். இரண்டு வருடம் முன்பு அவர்கள் மகள் காய்ச்சலில் இறந்தபோது இந்த வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. "லீவு மாஃபி, கிடையாது, முதல்ல இதை முடி" என்றார் ஃபோர்மேன். குமரேசன் ஊருக்குப் போகவில்லை, அழவும் இல்லை. சரியான கல்நெஞ்சன் என்றுதான் ரூமில் பேசிக்கொண்டோம்.

துபாய் யூனியன் பஸ் நிலையத்தில் காலை எட்டரைக்கு ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து திர்ஹம், இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஹோட்டலுக்கு டாக்சி பதினைந்து திர்ஹம். "டூட்டியா பாய்?" என்று டிரைவர் கேட்டார். சிலை பார்க்க என்றதும் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வாசலில் நான்கு ராஜாக்கள், கைகளை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். எகிப்தில் அபு சிம்பெல் கோயில் முகப்பில் மலையிலேயே செதுக்கியிருப்பதை இங்கே ஃபைபரில் செய்தோம். ராஜா மட்டும் மாடி உயரம். ராணியும் பிள்ளைகளும் அவர் முழங்காலைத் தாண்டக்கூடாது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

போட்டிம் ஆப்பில் செல்விக்கு வீடியோ கால் போட்டு ராஜாவைக் காட்டினேன், ராணியைக் காட்டினேன். "இவ்ளோதானா?" என்றாள் வெடுக்கென்று. போனைக் கீழே இறக்கினேன்.

"அண்ணே! அங்கேயே நில்லுங்க!"

வலது கோடி ராஜாவின் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி இளவரசி. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் எகிப்து முடி. இவளுக்கு மட்டும் மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை, ரிப்பன் முடிச்சோடு. அட கடவுளே, பெயிண்ட் அடித்ததே நான்தான், அவசரத்தில் கவனிக்கவே இல்லை!

"எம்பொண்ணுண்ணே. நான் கட்டிவிடுற சடை. அந்த மனுசனைத் தினம் தினம் சபிச்சேனே…"

போனிலேயே கதறினாள். நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செக்யூரிட்டி ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

போகிறவர்கள் மத்தியானத்துக்கு முன்பே போங்கள், அப்புறம் தரை கொதிக்கும். வாசலில் பார்க்கக் காசு கிடையாது. எல்லோரும் அண்ணாந்து ராஜாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் வலது கோடியில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அவள் பெயர் யாழினி.