இடது பின் மட்கார்டு

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு மட்கார்டை உப்புத்தாளால் தேய்த்தது. கார் ஷெட்டில், தண்ணீர் வாளியை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவே அச்செடுத்து வார்த்த ஃபைபர் மட்கார்டு அது. எங்கள் காரின் இடது பின்சக்கரத்துக்கு என்று நினைத்தேன்.

"பழசு நல்லாத்தானே இருக்கு? இன்னொண்ணு எதுக்கும்மா?"

"கை நின்னா உனக்கு வாய் ஓடும். தேய்."

தேய்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள்.

"அடுத்த மாசம் கார் கண்காட்சிக்கு வர்றல்ல? ட்ரில்லை சார்ஜ் போட்டு வச்சிடு. ரிவெட்டு நான் வாங்கிடறேன்."

"நம்ம வண்டியில எல்லாமே போல்ட்டு. ரிவெட்டை எங்க அடிக்கப் போற?"

"வந்து பாரு. உங்க மாமாவும் பாக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "வர்ற வழியில ரிவெட்டு வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள். மதியம் வேலை மேசையிலேயே சரிந்துவிட்டாள். இதயம். யாருடையதோ கீழ்வரிசைப் பல்செட் அவள் கையில் இருந்ததாம். உடையவில்லை என்றார்கள்.

அம்மா பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சிலிருந்து பல்செட் செய்து கொடுப்பவள். "இந்த ஊரு சிரிக்கிறதுல பாதி நான் செஞ்ச சிரிப்பு" என்று பீற்றிக்கொள்வாள். அடக்கம் என்ற சரக்கு அவளிடம் கிடையாது.

பின்பக்கம் அடிபட்டுக் காயலான் கடைக்கு வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அவள் இழுத்து வந்தபோது, கணக்கு வாத்தியாரான அப்பா வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "வீட்ல ஆளு மூணு. இதுல சீட்டு ரெண்டு. என்னைக் கழிச்சிட்டியா?"

"மீதி வந்தா ஏத்திக்கறேன்" என்றாள் அம்மா.

அதை வைடுபாடியாக்குவது அவள் திட்டம். சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டை வெட்டிவிட்டு, வெளியே புடைத்து நிற்கும் அகலமான மட்கார்டைப் பொருத்தி, உள்ளே அகலமான டயரை மாட்டுவது. வண்டி தோளை விரித்துக்கொண்டு நிற்கும். களிமண்ணில் வடிவம் செய்து, அச்சு எடுத்து, ஃபைபரை விரித்து ரெசின் பிசினை ஊற்ற வேண்டும். வாய் அளவில் தினமும் செய்ததைச் சக்கர அளவில் செய்யப்போகிறேன் என்றாள். பல் லேபில் மெழுகு செதுக்கும் அதே சின்னக் கத்தியால் மட்கார்டின் விளிம்பைச் செதுக்கினாள். வீடு முழுக்க ரெசின் வாடை. அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு விடைத்தாள் திருத்தினார்.

அதற்கு முன்னால், அடிபட்ட பின்பக்கத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. சொந்தமாக டிங்கர் பட்டறை வைத்திருப்பவர். இழுத்து நிமிர்த்திக் கொண்டுவந்து விட்டு, "நூல் பிடிச்ச மாதிரி நிக்குது பாருக்கா" என்றார்.

நான் தொழிற்சாலையில் அளவெடுக்கும் பிரிவில் இருக்கிறேன். பிழை தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவர் போன பிறகு நிஜமாகவே நூல் பிடித்து, தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். இடது பின்பக்கம் ஒரு விரல் அளவு உள்ளே போயிருந்தது. கொஞ்சம் முறுக்கிக்கொண்டும் இருந்தது.

"திரும்ப இழுக்கச் சொல்லும்மா."

"வேணாம். சொன்னா அவன் மூஞ்சி தொங்கிப் போயிடும். எவன் வாய் நேரா இருக்கு? கோணலுக்குத் தக்கபடி நானே செஞ்சிக்கறேன்."

செய்தாள். அந்தக் கோணலை இடது பின் மட்கார்டுக்குள்ளேயே விழுங்கவைத்தாள். வெளியே நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். தம்பியின் அரைகுறை வேலை எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாமல் போயிற்று. இவ்வளவும் பாசத்தால் செய்தது. அவர் அதற்குச் செய்த கைம்மாறுதான் இனி.

பெயிண்ட் அடிக்க மட்கார்டுகள் நான்கையும் பட்டறைக்குக் கேட்டார். "வீட்ல அடிச்சா தூசி ஒட்டும். என்கிட்ட தனி ரூமே இருக்கு." கொடுத்தோம். கேட்கும்போதெல்லாம் "இன்னும் காயலக்கா" என்றார். ஒருவழியாகத் திருப்பிக் கொடுத்தார். அந்த இடைவெளியில் நான்குக்கும் திருட்டு அச்சு எடுத்திருக்கிறார்.

எங்களுக்குத் தெரிந்தது போன வருஷக் கண்காட்சி மைதானத்தில். எங்கள் காரின் அதே மாடலில் மாமாவின் வண்டி நின்றது. அதே தோள், அதே இடுப்பு. அம்மா கத்தியால் இழைத்த அதே விளிம்பு. சுற்றிலும் கூட்டம். மைக் பிடித்த ஒரு பையன் கேட்டான்: "டிசைன் யாருதுண்ணே?"

"எல்லாம் இந்த மண்டையிலேருந்து வந்ததுதான்" என்று தலையைத் தட்டிக் காட்டினார் மாமா. அப்போதுதான் எங்களைப் பார்த்தார். முகம் ஒரு நொடி செத்து, மறுபடி உயிர்த்தது. "இவங்க எங்க அக்கா. கலர் செலக்‌ஷன் மட்டும் இவங்க."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அம்மா பல்லைக் காட்டினாள். சிரிப்பு என்று அவர் நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது நான் பொருமினேன். "எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா இல்லம்பான். ஃபைபரா வந்து சாட்சி சொல்லும்? பொறு. நாலையும் அப்படியே அச்செடுத்திருக்கான்."

"அதனால?"

"இடது பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்திருக்கான்டீ."

புரிந்தது. இருவரும் சிரித்தோம். நல்ல சிரிப்பு இல்லை அது.

மாமா அந்த மட்கார்டுகளை வார்த்து விற்க ஆரம்பித்தார். அவருடைய கோணலுக்காகச் செய்த மட்கார்டு, நேரான எந்த வண்டியிலும் உட்காரவில்லை. மேல் விளிம்பு ஒட்டினால் கீழ் விளிம்பு விலகும். கீழே அழுத்தி ரிவெட் அடித்தால் மேலே வெடிக்கும். வளைவில் திரும்பினால் டயர் உரசும். வாங்கியவர்கள் பட்டறை வாசலில் வந்து நின்று கத்தினார்கள். அவருடைய வண்டியிலேயே இடைவெளி பல்லிளித்தது; கறுப்பு ரப்பர் வைத்து அடைத்தார். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவார். பையன்கள் அவருக்குச் 'சுவரோரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கடைசியில் ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். ஊர்க்கதை எல்லாம் பேசினார்.

"அக்கா, சும்மா ஒரு சந்தேகம். இடது பின்பக்கம் மட்டும் உக்கார மாட்டேங்குது. நீ எப்படி உக்கார வச்ச?"

"எது?"

"அதான்... மட்கார்டு."

"அது உன் மண்டையிலேருந்து வந்ததாச்சே. அதையே தட்டிக் கேளு."

அப்பா இருமினார். மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"தம்பிகிட்ட போய் இப்படிப் பேசுறியேக்கா."

"ஒருத்தன் பல்செட்டை இன்னொருத்தன் வாயில மாட்டினா கடிக்கத்தான் செய்யும். அதே மைதானத்துல, அதே மைக்குல, யாரு செஞ்சதுன்னு சொல்லு. அடுத்த நிமிஷம் நான் சொல்லித் தர்றேன்."

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். சொல்லவில்லை. அம்மா கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். அது கிடைக்காமலே போனாள்.

அம்மாவின் காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகும் மாமா உட்கார்ந்திருந்தார். நன்றாக அழுதிருந்தார். அதில் அவர் கைதேர்ந்தவர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பாப்பா, அக்கா ஞாபகமா அந்த அச்சுங்களை நான் எடுத்துக்கட்டுமா?"

"எந்த அச்சு மாமா?"

"மட்கார்டு அச்சு. எல்லாம் வேணாம். இடது பின்பக்கம் மட்டும் போதும்."

ஞாபகத்துக்கு இடது பின்பக்கம் மட்டும் போதுமாம்.

"அது உங்ககிட்டயே இருக்குமே" என்றேன். "நீங்க செஞ்சதுதானே?"

அவர் போன பிறகு ஷெட்டுக்குள் போனேன். நாங்கள் தேய்த்து வைத்த புது மட்கார்டு பலகைமேல் கிடந்தது. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்திப் பார்த்தேன். உட்காரவில்லை. ஒரு விரல் இடைவெளி. அம்மா இப்படித் தவறு செய்கிறவள் இல்லை. அளந்து பார்த்தேன். எங்கள் வலது பின்பக்கத்தின் கண்ணாடிப் பிம்பம். கோணல் துளியும் இல்லை. நேரான வண்டிக்குச் செய்தது.

மாமாவின் வண்டி நேரானது. மாமா ரிவெட் அடிக்கிறவர்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, தம்பிக்காக உக்காந்து செஞ்சிருக்கா. ரத்தபாசம்மா. பட்டறையில கொண்டுபோய்க் கொடுத்துடு. அவ மனசு ஆறும்."

"பட்டறையில கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள இதுக்கும் அச்செடுத்துடுவாரு. பாசம்னா அம்மாவுக்கு எதுக்கு இதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகணும்னு தோணுச்சு?"

நான் சொன்னேன். அம்மா மைதானத்துக்குப் போயிருப்பாள். கூட்டம் சேரும்வரை காத்திருந்து, "டேய், வண்டியைச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்து" என்றிருப்பாள். அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்றால் எல்லாரும் பார்ப்பார்கள். மண்டியிட்டு, அவருடைய ரிவெட்டுகளை ட்ரில்லால் எடுத்துவிட்டு, வெடித்ததைக் கழற்றித் தரையில் வைத்து, தன்னுடையதைப் பொருத்தியிருப்பாள். அது சிக்கென்று உட்காரும். முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்திருப்பாள். அவர் சொல்ல மறுத்த வார்த்தையை அவர் வண்டியே சொல்லிவிடும்.

"நீ அப்படியே உங்கம்மா" என்றார் அப்பா. பாராட்டு இல்லை அது. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சி இந்த ஞாயிறு. மாமாவிடம் போனில் சொல்லிவிட்டேன். "மைதானத்துக்கு வர்றேன் மாமா. அம்மா வண்டியை எடுத்துட்டு." "எதுக்கு பாப்பா?" என்றார். "வந்து சொல்றேன்" என்றேன்.

அந்த மட்கார்டைப் போர்வையில் சுற்றி, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பெல்ட் மாட்டியிருக்கிறேன். அப்பாவுக்கு இந்த முறையும் இடமில்லை. பஸ்ஸில் வருகிறேன் என்றிருக்கிறார். ட்ரில் சார்ஜ் ஏறிவிட்டது.

ரிவெட் மட்டும் இல்லை. அம்மா வேலை பார்த்த லேபுக்குப் பக்கத்துத் தெருவில்தான் ஹார்டுவேர் கடை. வேலை முடிந்து தினமும் அந்த வழியாகத்தான் வருகிறேன். வாசல் வரை போகிறேன். "என்னம்மா வேணும்?" என்கிறார் கடைக்காரர். "அப்புறம் வர்றேன்" என்று சொல்லித் திரும்பிவிடுகிறேன். வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள்.