உலக வரலாறும் எண்பது டன் பிரஸ்ஸும்

உலக வரலாற்றை நான் படித்தது ஓசூரில், எண்பது டன் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டு. கார்களுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி. தகட்டை வைக்க வேண்டும், பொத்தானை அமுக்க வேண்டும், மேலிருந்து இரும்பு அச்சு டம்மென்று விழுந்து தகட்டை வளைக்கும். பன்னிரண்டு மணி நேரமும் இதேதான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்தவன் நான். ஒரு வருஷம் கான்ட்ராக்ட், அப்புறம் பெர்மனென்ட் என்றார்கள். ஏழு வருஷமாகியும் அவர்கள் சொன்ன ஒரு வருஷம் முடியவில்லை.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் பிரஸ் விழ வேண்டும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. வேகம் போதாதென்று ஒரு பொத்தானை டேப் ஒட்டி நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்து பிரஸ்காரருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், சூப்பர்வைசரைத் திட்டுவதற்கு மட்டும் கன்னடம்.

"ஏம்பா, நீயாச்சும் பத்து வெரலோட ஊரு போய்ச் சேரு. படிச்சவன் இங்க என்னாத்துக்கு நின்னுகினு கீற?" என்பார்.

போய்ச் சேர ஒரே வழிதான் இருந்தது. சில வருஷம் நின்றிருந்த அரசு வேலைக்கான பரீட்சையை மறுபடி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அதுவே முதல் தடவை, வயது வரம்பின்படி அதுவே கடைசித் தடவை. கணக்கும் தமிழும் வரும். உலக வரலாறுதான் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஷிப்ட் முடிந்து கைடைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் கண் சொருகிவிடும். என்னதான் செய்வது?

யோசனை என்னுடையதுதான், யார்மேலும் பழி போட முடியாது. கைடிலிருந்த இருநூறு கேள்விகளை அட்டைப்பெட்டியைக் கிழித்து மார்க்கரால் எழுதி, பிரஸ்ஸின் தலைக்கு மேல் மாட்டினேன். தகடு வைக்கும்போது கேள்வி, பிரஸ் விழும்போது பதில். தொலைபேசி... டம், 1876. டைனமைட்... டம், ஸ்வீடன்காரர். ரஷ்யப் புரட்சி... டம், 1917. பேர்களை இங்கே எழுதப்போவதில்லை. அத்தனை பேரையும் அன்றைக்கு நெஞ்சில் சுமந்ததே போதும்.

இரண்டு மாதத்தில் அட்டையே தேவைப்படவில்லை. இருபத்தேழு வருஷம் சிறையிலிருந்த தலைவரும், நிலவில் கால்வைத்தவரும், பென்சிலினும் எக்ஸ்ரேயும் வரிசை பிசகாமல் என் வாயிலிருந்து விழுந்தார்கள். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிச் செத்தவர்களைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அதை நான் தினமும் பதினோராவது மணி நேரத்திலும் சொல்லிக்கொண்டிருந்தேன். பேரிகைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ தேவுடா, இந்தக் கேள்விய மொதல்ல அந்த சூப்பர்வைசருக்குப் போடுய்யா!"

சூப்பர்வைசர் என்னைத் தடுக்கவே இல்லை. வாய் ஓட ஓட என் கையும் ஓடியது. அடித்த பீஸ் கூடியது. அதைக் காட்டி மற்றவர்களுக்கும் டார்கெட்டை ஏற்றினார்கள். எல்லோரும் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும், இன்னும் ஒரு மாதம்தானே என்று இருந்தேன். எவ்வளவு கேவலமான நினைப்பு!

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலை, கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஞாயிறும் ஷிப்ட் உண்டு என்பதால் லீவு போட்டிருந்தேன். மனைவி பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். "பதறாம எழுதிட்டு வாங்க. அந்த மிஷினுக்கு நீங்க திரும்பப் போகக்கூடாது, ஆமா" என்றாள்.

கணக்கும் தமிழும் நன்றாகவே போயின. உலக வரலாற்றில் முதல் கேள்வி: எக்ஸ்ரே. கீழே நான்கு பேர். நால்வரையுமே எனக்குத் தெரியும். நால்வரும் என் பிரஸ்ஸிலிருந்து விழுந்தவர்கள். எக்ஸ்ரேக்காரர் யார் என்றுதான் தெரியவில்லை. மனசுக்குள் கேள்வியைச் சொன்னேன். பதில் வரவில்லை. வரிசையில் அது எழுபதோ எண்பதோ. முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன். நாலாவதிலேயே நின்றுபோயிற்று. ஹாலில் அத்தனை அமைதி.

என்னையறியாமல் இடது கை தகடு வைத்தது, வலது முஷ்டி மேசையில் விழுந்தது. டம். பதில் வந்தது! அடுத்தது, டம். அதுவும் வந்தது. ஏழெட்டு அடிப்பதற்குள் மேற்பார்வைக்கு வந்த அம்மா மேலே வந்து நின்றார்.

"என்ன சார் இது, மேசையத் தட்டிட்டு? சிக்னல் குடுக்கறீங்களா? இன்னொரு தடவ சத்தம் வந்துச்சு, பேப்பர வாங்கிடுவேன்."

கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொடையில் தட்டிப் பார்த்தேன், பல்லைக் கடித்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் ஒரு போரும் மூளவில்லை, ஒரு புரட்சியும் வெடிக்கவில்லை. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'ஆ' என்ற கட்டத்தையே கறுப்பாக்கினேன்.

"எல்லாம் வந்துச்சா?" என்று மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"வந்துச்சு" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நேரே குளிக்கப் போனேன்.

திங்கட்கிழமை காலை பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றேன். பேரிகைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பிரஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். தகட்டை வைத்தேன். பிரஸ் விழுந்தது.

அச்சு எந்திரம், ஜெர்மனி என்றது வாய்.

உதட்டை இறுக்கிக் கடித்தேன். நிற்கவில்லை. விழ விழ வந்துகொண்டே இருந்தன. எக்ஸ்ரே எழுபத்து மூன்றாவது. பேர் தெளிவாக வந்தது. அழுதுகொண்டே சொன்னேன். இருநூறு முடிந்ததும் மறுபடி ஒன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. பேரிகைக்காரர் தன் பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, மூன்று விரல் கையால் என் தோளைப் பிடித்தார்.

"போதும்ப்பா, நிறுத்துப்பா" என்றார்.

நிறுத்த முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, நேற்று லீவு போட்டதும் நல்லதாகத்தான் போயிற்று, இன்று நல்ல வேகம் என்றார்.