ராணியம்மாள் நட்ட பொன்னி

சின்னராசு மாமாவின் வயல்தான் எங்கள் ஊருக்கு மேற்கே கடைசி. அதற்கப்புறம் ஏரிக்கரை, கரம்பு, பிறகு கல்வராயன் மலை. மலை என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர, எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் யாரோ நீலம் போட்டு அலசிய துணியை வானத்தடியில் காயப்போட்ட மாதிரிதான் இருக்கும். மாமா களை வெட்டும்போது நிமிர்ந்து அதைப் பார்ப்பார். பார்த்தால் பார்த்தபடியே நின்றுவிடுவார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? மாமா மலைக்குப் போய்விட்டார் என்று கிண்டல் செய்வோம். நிஜத்தில் அவர் ஒருநாளும் போனதில்லை. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம்.

அவர் மனைவி ராணியம்மாள் அத்தையும் பார்ப்பாள். ஆனால் பார்த்துக்கொண்டே வேலை செய்வாள். சாயங்காலம் மலையில் எங்காவது மெல்லிசாகப் புகை எழுந்தால், “சோறு ஆக்கறாங்க போலக்குது. அங்க இருக்கற புள்ளைங்க இன்னா துன்னும்?” என்பாள். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்பார் மாமா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஒருநாள் முப்பத்திரண்டு வருஷமாக வரவே இல்லை.

போன வருஷம் புரட்டாசியில் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. கிணற்றடி அரை ஏக்கரில் அத்தை ஒருத்தியே ஒரு வாரம் குனிந்து பொன்னி நட்டாள். கார்த்திகையில் ஒரு காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. அவள் நட்ட பயிருக்கு எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்து, கதிர் தள்ளி, தை மாதம் சாய்ந்தது. அறுத்து அடித்ததில் பதினான்கு மூட்டை.

அந்த மூட்டைகளை மாமா நடு வீட்டில் அடுக்கி வைத்தார். விற்கவில்லை. தானும் சாப்பிடவில்லை. ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்றுகொண்டு, நெல் வாசனையில் படுத்துக்கிடந்தார். கண்ணை மூடினால் அந்த நெல்லெல்லாம் சோறாகி, ஆவி மலைமேல் ஏறுவதைப் போலவும், அங்கே வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் போலவும் தோன்றுகிறது என்று என்னிடம் சொன்னார். என்னிடம் ஏன் சொன்னார் என்றால், சங்கராபுரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். பேர் ஜெயசுதா. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை டிரஸ்டின் நோட்டீசும் என் மெஷின் வழியாகத்தான் போகும். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது மாமாவின் நம்பிக்கை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், என் நம்பிக்கையும் அதுவேதான்.

“அவ நட்ட நெல்லு கடைக்குப் போவக்கூடாது சுதா. புள்ளைங்க வாய்க்குத்தான் போவணும். யாரு நல்லவங்கன்னு நீயே பாத்து சொல்லு” என்றார்.

நான் பார்த்தேன். எதைப் பார்த்தேன்? காகிதத்தைப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு டிரஸ்டின் நோட்டீஸ் பளபளவென்று இருந்தது. ஐந்து வருஷமாக மலையில் பள்ளி நடத்துகிறோம் என்று போட்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் போட்டோ, பதிவு எண், வரிவிலக்கு எண் எல்லாம் இருந்தன. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மாமாவுக்கு அந்தப் போட்டோ போதுமாக இருந்தது. தன் கனவைத்தான் யாரோ படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அவர் தனியாகவே போய்ப் பேசிவிட்டு வந்தார். நல்ல உபசரிப்பாம். வெள்ளிக்கிழமை லாரி அனுப்பி அத்தனை மூட்டையும் எடுத்துக்கொள்வார்களாம். லாரியில் தானும் வரலாமா என்று கேட்டிருக்கிறார். பாதை சரியில்லை, போட்டோ அனுப்புகிறோம் என்றார்களாம். இதைச் சொல்லும்போது மாமாவின் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பெருமையாக நீட்டினார்.

“மலைல தனி எழுத்தாமே சுதா. எனக்குத் தெரியவே தெரியாது. பாரேன், உருண்டை உருண்டையா இன்னா அழகா கீது.”

சிறுபிள்ளைகள் எழுத்துப் படிக்கும் புத்தகம் அது. அந்த எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சபரிமலையிலிருந்து கொண்டுவரும் அரவணைப் பிரசாத டப்பாவின் மேல் இருப்பது. மலையாளம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வந்த கோபத்தில் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் தங்களை மலையாளி என்று சொல்லிக்கொள்வார்கள். மலையை ஆள்பவர்கள் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். அவர்கள் பேசுவது நம் தமிழ்தான். ஒரே ஒரு தரம் மேலே போய், ஒரே ஒரு பிள்ளையிடம் உன் பேர் என்ன என்று கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். இந்த மகராசன்கள் எங்கேயோ காகிதத்தில் ‘மலையாளி’ என்று படித்துவிட்டு, கேரளத்திலிருந்து கட்டுக்கட்டாகப் புத்தகம் வரவழைத்திருக்கிறார்கள். போன் போட்டு, மலையில் எந்த ஊரில் பள்ளி என்று கேட்டேன். எல்லா ஊரிலும்தான் என்றார் ஒருவர். லாரியை அனுப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அந்தப் பளபள நோட்டீஸை ஆயிரம் பிரதி எடுத்துக் கொடுத்தவளே நான்தானே.

காகிதம் பார்த்தது போதும், கண்ணால் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை அவரை பஸ்ஸில் ஏற்றினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் மாமா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து அவர் சட்டையை நனைத்துவிட்டுப் போயிற்று. கீழே கோமுகி அணை ஒரு கைக்கண்ணாடி அளவுக்குச் சிறுத்திருந்தது. ஒரு வளைவில் பஸ் நின்றபோது, அவர் கிழக்கே பார்த்துத் தன் வயலைத் தேடினார். அங்கே சமவெளி முழுக்க நீலமாகக் கிடந்தது. இத்தனை வருஷம் தான் பார்த்துக்கொண்டிருந்த நீலத்துக்குள் இப்போது தான் இருப்பதையும், தன் ஊர் நீலமாகிவிட்டதையும் சொல்லத் தெரியாமல், என் கையைத் தட்டிக் காட்டினார். அத்தை இதைப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளிமலையில் டீக்கடையில் இருந்த பெண்களிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: மழையில் பாதை அறுந்துபோகும் மாதத்தில் இங்கே யார் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார்கள்? மூன்று பேரும் ஒரே பேரைச் சொன்னார்கள். இசைவாணி.

ஜீப்பில் ஐந்து மைல். சாமைக் கொல்லை நடுவே தகரம் போட்ட ஒரு கொட்டகை. போர்டு கிடையாது. வேலைக்கு வெளியூர் போன பெற்றோரின் பிள்ளைகள் முப்பது பேருக்கு, நாலைந்து பெண்கள் சேர்ந்து சாயங்காலம் பாடம் சொல்லி, சாப்பாடு போட்டு அனுப்புகிறார்கள். சங்கமாகப் பதிவு செய்த தாளை இசைவாணி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதில் எலி கடித்திருந்தது. அவளுக்கு முப்பது வயதிருக்கும். படபடவென்று பேசுகிறவள்.

பதினான்கு மூட்டை என்று மாமா சொன்னதும் குதிப்பாள் என்று பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

“அவ்ளோ வேணாங்க ஐயா. வைக்க எடம் இல்ல, எலி துன்னுட்டுப் போவும். ரெண்டு மூட்டைய அரைச்சி அரிசியா குடுங்க. ஒரு மாசம் ஓடும். தீந்தா திரும்ப வாங்க.”

என் வாழ்நாளில் கொடுப்பதை வேண்டாம் என்ற டிரஸ்டை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அதற்குமேல் எந்த எண்ணும் தேவைப்படவில்லை. மாமாவுக்கோ சந்தோஷம் வேறு மாதிரி. பதினான்கு மூட்டை என்றால் ஏழு தரம். ஏழு தரம் மலைக்கு வரலாம்.

அடுத்த வாரமே இரண்டு மூட்டையை மில்லில் அரைத்து, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். அன்றைக்கே உலை வைத்தார்கள். சோறு வேகும் வாசனை வந்ததும் மாமா எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள், அவர் கனவில் வந்த மாதிரியே. ஒரு தட்டு மட்டும் ஜாஸ்தியாக இருந்தது. கொடுக்கிறவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டால்தான் இங்கே வாங்கிக்கொள்வோம், அதுதான் எங்கள் வழக்கம் என்றாள் இசைவாணி. போட்டோவுக்கு வருகிறவர்கள் யாரும் உட்காருவதில்லையாம்.

மாமா வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்த அரிசியில் ஒரு பருக்கைகூட அவர் வாயில் வைத்ததில்லை என்று நான் அவள் காதில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் தட்டை எடுக்கவில்லை. விருந்தாளி கை வைக்காமல் பிள்ளைகளும் கை வைக்கவில்லை. முப்பது தட்டில் சோறு ஆவி பறந்து ஆறிக்கொண்டிருந்தது. தகரத்தின்மேல் தூறல் விழத் தொடங்கியது.

மாமா வந்து உட்கார்ந்தார். பருப்பை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். சுற்றிலும் பிள்ளைகள் சாப்பிடும் சத்தம் எழுந்தது.

“கொஞ்சம் கொழஞ்சிட்ச்சி. அவ இருந்தா உட்டிருக்க மாட்டா” என்றார்.

சொல்லும்போதே கண்ணிலிருந்து நீர் வழிந்து தட்டில் விழுந்தது. அதைத் துடைத்துக்கொள்ளாமல், சோறு போடும் பெண்ணைப் பார்த்து இன்னும் ஒரு கரண்டி வைக்கச் சொன்னார்.