டிரைவரம்மாவும் கட்டாத கோபுரமும்

தேவாலயத்தின் பழைய கணக்கேடு, ரூபாயில்:
1936: செங்கல், 2,140.
1937: கூரை, 1,815.
1938: கோபுரத்துக்கு வசூலானது, 96.

“கடைசி ஸ்டாப்பிங். தூங்கறவங்களை எழுப்பி விடுங்க.”

ஆராதனை முடிந்ததும் டிரைவரம்மா இப்படித்தான் தேவாலயத்தைக் காலி செய்வார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பெஞ்சுக்குப் பெஞ்சு குனிந்து, மறந்துபோன குடை, மூக்குக்கண்ணாடி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் பொறுக்கி, உரியவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு வார்த்தை திட்டிவிட்டும் வருவார். பிரசங்கம் நீண்டால் பின்வரிசையிலிருந்து தொண்டையைச் செருமுவார். போதகர் உடனே பிரேக் போட்டுவிடுவார்.

சலவைக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் சின்னச் செங்கல் கட்டடம் அது. பின்னால் பணம் சேர்ந்ததும் கோபுரத்தைக் கட்டி இணைத்துக்கொள்ளலாம் என்று, முன்சுவரின் இரண்டு ஓரங்களிலும் ஒன்றுவிட்டு ஒரு செங்கலை வெளியே நீட்டி வைத்திருந்தார்கள். பணம் சேரவில்லை. நீட்டியது நீட்டியபடியே நின்றது. டிரைவரம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. கல்யாணம் முடிந்து படம் எடுப்பவர்கள்கூடப் பின்பக்கம்தான் போகிறார்கள் என்று பொருமுவார்.

இதற்கிடையே தலைமைச் சபை அந்த இடத்தை அடுக்குமாடிக்கு விற்கத் தீர்மானித்தது. மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஏறினால்தான் கட்டடம் தப்பும். அதற்கான அதிகாரி திங்கட்கிழமை பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. டிரைவரம்மா விடுவாரா? சனிக்கிழமையே கொத்தனாரான கொழுந்தனை இழுத்து வந்து, நீட்டிய செங்கற்களைச் சுவரோடு சுவராக வெட்டச் சொன்னார். எண்பது வருஷம் கழித்து இப்போது என்ன அவசரம் என்று அவர் முனகினார்.

“விருந்தாளி வர்றப்ப வீட்டைப் பெருக்கறதில்லையா? வெட்டுப்பா.”

பழங்காலச் செங்கல் இரும்பாக இருந்தது. வலது ஓரத்தில் ஆள் உயரம் முடிவதற்குள் உளி மழுங்கிவிட, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கொழுந்தன் மூட்டை கட்டினார்.

வந்த அதிகாரி இளம்பெண். உள்ளே வைத்திருந்த பூ ஜாடிகளை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக இடது ஓரத்துக்குப் போய், நீட்டிய செங்கலைத் தடவிப் பார்த்தார்.

“அழகான தேவாலயம் ஊருக்கு ஊர் இருக்குங்க. கையில இருந்த காசுக்குக் கட்டி, மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம்னு நிறுத்தினது இப்படி அப்பட்டமாத் தெரியற சுவர் அபூர்வம். இதுக்காகத்தான் வந்தேன்.”

பிறகு வலப்பக்கம் திரும்பினார். இது யார் வேலை என்று கேட்டார்.

லாரி இடித்துவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்று கொழுந்தன் அண்ணியின் காதைக் கடித்தார். டிரைவரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“வண்டி ஓட்டின காலத்துலயே நான் இடிச்சதை அடுத்தவன் தலையில கட்டினதில்ல.” அதிகாரியிடம் திரும்பினார். “நான்தான் வெட்டச் சொன்னேன், மேடம். பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு நெனச்சேன். என்னை என்ன வேணா எழுதிக்குங்க. இதை மட்டும் இடிக்க விட்டுறாதீங்க.”

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு கிளம்பிப் போனார். அதன்பின் பல வாரங்கள் டிரைவரம்மா ஆராதனை முடிந்தும் யாரையும் விரட்டவில்லை.

கட்டடம் பட்டியலில் ஏறியது. சபையார் எல்லாரும் முன்சுவர் அருகே திரண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் நடுவில் வந்து நிற்கும்படி கூப்பிட்டும் டிரைவரம்மா நகரவில்லை. வலது ஓரத்தில், வெட்டுப்பட்ட செங்கற்களை முதுகால் மறைத்து, போதாததற்குத் தோள்பையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படத்தின் அடியில் தேதி இருக்கிறது: மார்ச் 14. பட்டியலில் ஏறியதாகக் கடிதம் வந்ததும் அன்றுதான்.